சோதனை எண் 401: சந்தனம்

நம் மென்பொருள் சோதனைப் பட்டியலில் நானூற்று ஒன்றாவது வரியை நீக்கிவிடலாமா என்று உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். மூன்று காரணங்கள் சொல்லியிருந்தார். ஒன்று, அந்த வரியில் 'சந்தனம்' என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு, இப்போதைய தொடுதிரைகளுக்கு அது தேவையே இல்லை. மூன்று, இத்தனை ஆண்டுகளில் அந்தச் சோதனை ஒருமுறைகூடத் தோற்றதில்லை. முதல் இரண்டும் சரியான காரணங்கள். மூன்றாவது என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போதே மின்சாரம் போய்விடுமோ என்று இதுவரை இரண்டு முறை சேமித்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். பதினோரு பேர். நாற்பத்தொன்பது வயதில் நான்தான் மூத்தவன். சட்டைப்பையில் அடங்கும் கணினி ஒன்றுக்கான இயங்குதளத்தை இரண்டரை ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருந்தோம். தளிர் என்று பெயர் வைத்திருந்தோம். இன்று மொபைல் இயங்குதளம் என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வதைப் பற்றி அன்று மாமனாரிடம் விளக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவர், "அப்ப கால்குலேட்டர்னு சொல்லுங்களேன்" என்றார்.

கருவியைத் தயாரிக்கும் நிறுவனம் எங்களிடம் ஒரு நிபந்தனை வைத்தது. வெளியில் உள்ள மென்பொருள் எழுதுபவர்களைக் கூட்டித் தளிரைக் காட்ட வேண்டும். அதற்கு நிரல் எழுத முப்பது பேராவது கையெழுத்துப் போட்டு முன்வர வேண்டும். முப்பதுக்கு ஒருவர் குறைந்தாலும் கருவியில் வேறொருவரின் இயங்குதளம் ஏறும், எங்கள் பதினோரு பேரும் வேறு வேலை பார்க்கப் போக வேண்டும். எங்கள் தலைவி இதை எங்களிடம் மறைக்கவில்லை. அவர் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருப்பதால் எழுதவில்லை. என்னைவிட ஒன்பது வயது இளையவர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு.

நாளையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். "விஜயதசமி அன்னிக்கு வெச்சுக்கலாம் சார். எல்லா ஆபீசும் லீவு, எல்லாரும் வருவா. சபா ஹாலும் கச்சேரி இல்லாம காலியா இருக்கு. ஆரம்பிக்கறதுக்கும் நல்ல நாள்."

எல்லாம் சரியாகத்தான் பட்டது. நான் நானூறு சோதனைகள் எழுதி வைத்திருந்தேன். எங்களிடம் இருந்த மூன்று மாதிரிக் கருவிகளிலும் நானூறும் ஓட்டி, ஆயிரத்து இருநூறு முறை சரி என்று குறித்திருந்தேன். கடைசிச் சோதனை முடிந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை நாலே காலுக்கு.

மறுநாள் காலை பூஜை. எங்கள் அலுவலகத்தில் பொட்டு வைக்கும் வேலை எப்போதும் என்னுடையது, ஏனென்றால் மற்றவர்கள் வைத்தால் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவார்கள். மானிட்டர்கள், பிரிண்டர், யுபிஎஸ், தொலைபேசி, ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அந்த ஆண்டு முப்பத்தேழு பொட்டுகள். அதில் மூன்று, கைக்கணினிகளுக்கு. திரையில் வைத்தால் கறை படியும் என்று, திரையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில், வலது மேல் மூலையில் வைத்தேன். மூன்றிலும் ஒரே இடம். நான் அப்படித்தான் செய்வேன். பிறகு ஒரு பட்டுத்துணி விரித்து அடுக்கினேன். பூஜையில் வைத்ததை அன்று யாரும் தொடுவதில்லை. மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும்.

விஜயதசமி காலையில் ஈரக் கைக்குட்டையால் மூன்றையும் நானே துடைத்தேன். இயக்கிப் பார்த்தோம். முகப்பில் கடிகாரம் வந்தது, மின்கலம் நிறைந்திருந்தது. சோதனையில் எனக்குத் துணையாக இருந்த ஹேமா கேட்டாள்.

"சார், ஒரே ஒரு புரோகிராம் திறந்து பார்த்துடலாமா?"

"வேண்டாம்மா. நேத்து முழுக்க யாருமே தொடலை. தொடாத பொருள் எப்படி மாறும்? முதல் தடவை மேடையிலதான் திறக்கணும். அதுதான் விஜயதசமி."

ஹேமா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆயிரத்து இருநூறு முறை பார்த்தவன், ஆயிரத்து இருநூற்று ஒன்றாவது முறை பார்க்க மாட்டேன் என்கிறானே என்று நினைத்திருக்கலாம். நினைத்திருந்தால் அவள் நினைத்தது சரி.

சபாவில் இருநூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள். பத்து மணிக்கு நூற்று எண்பத்தாறு நிரம்பியிருந்தன. கருவியின் திரை உள்ளங்கை அளவு. ஆறாவது வரிசைக்கு அது தெரியாது. அதற்காக வடபழனியிலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரரை வரவழைத்திருந்தோம். தேவராஜ் என்று பெயர். முக்காலியில் கேமராவை நிறுத்தி, மேலிருந்து கருவியைப் பிடித்து, மேடைக்குப் பின்னால் கட்டிய பெரிய திரையில் காட்டுவது அவர் வேலை. பட்டுத்துணியில் இருந்த கருவியைப் பார்த்துவிட்டுத் தன் லைட்டைப் போட்டார்.

"இன்னா சார், பொண்ணு இத்துனூண்டு கீது? மாப்ள எங்க?"

"மாப்பிள்ளை அதோ முன் வரிசையில இருக்கார்" என்றேன். கருவி நிறுவனத்திலிருந்து வந்திருந்தவர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து மேஜையில் நாற்பது பெட்டிகளும் ஒரு பதிவேடும் இருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு பிளாப்பி வட்டுகள். நிரல் எழுதத் தேவையானது எல்லாம் அவற்றில். கையெழுத்துப் போடுபவருக்கு ஒரு பெட்டி.

தலைவி வரவேற்றுப் பேசினார். பிறகு நான் கருவியை இயக்கினேன். கடிகாரம் பெரிய திரையில் வந்தது. சிலர் கைதட்டினார்கள். ஸ்டைலஸ் குச்சியால் நாட்காட்டியைத் தொட்டேன். திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

மறுபடி தொட்டேன். திறந்தது, மூடியது. முகவரிப் புத்தகம். திறந்தது, மூடியது. குறிப்பேடு. அதுவும் அப்படியே. கண்ணை இமைப்பது போல எங்கள் இரண்டரை ஆண்டு உழைப்பு பெரிய திரையில் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கருவியை எடுத்து மாற்றினேன். அதே. நாட்காட்டி ஒருமுறை, முகவரிப் புத்தகம் ஒருமுறை, குறிப்பேடு ஒருமுறை, மறுபடி நாட்காட்டி. நான்கும் மூடிக்கொண்டன. பின் வரிசையில் யாரோ, "மச்சி, ஷட்டர் கடைடா இது" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முன் வரிசைக்காரர் கட்டியிருந்த கையை எடுக்கவில்லை.

கவனியுங்கள், இந்த இடத்தில்தான் என் கை மூன்றாவது கருவியை நோக்கிப் போயிற்று. போன கையை நிறுத்தினேன். ஒரு கருவி தவறினால் கருவியின் கோளாறு. இரண்டும் ஒரே மாதிரி தவறினால் இரண்டுக்கும் பொதுவாக நாம் ஏதோ செய்திருக்கிறோம். மூன்றாவதை எடுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது, மூன்றாவது முறை சிரிப்பு மட்டும் கிடைத்திருக்கும்.

மேடையின் ஓரத்துக்கு வந்த தலைவி, பக்கத்து மேஜையிலிருந்த கணினியைக் கண்ணால் காட்டினார். கருவியின் திரையை அச்சாகக் காட்டும் சிமுலேட்டர் அதில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதைக் கொண்டுவரச் சொன்னதே நான்தான்.

"சார், கேமராவை நிறுத்திட்டு அதுக்குப் போயிடுங்கோ" என்று மெதுவாகச் சொன்னார். "படம் ஒண்ணுதான். யாருக்கும் தெரியப் போறதில்லை."

அவரைக் குறை சொல்லாதீர்கள். பத்துப் பேரின் வேலையைச் சுமந்துகொண்டு நின்றவர் அவர். நானும் வீரன் இல்லை. அந்த மேஜையை நோக்கி மூன்றடி வைத்துவிட்டேன். நான்காவது அடி வைப்பதற்கு முன் ஒரு கேள்வி வந்தது: பொதுவாக நாம் செய்தது என்ன என்று தெரியாமல் எப்படி விட்டுப் போவது? எண்ணாமல் விட்டது எதுவாக இருந்தாலும் எனக்கு அரிக்கும். திரும்பி வந்தேன்.

தளிரில் நான் பிடிவாதமாக வைக்கச் சொன்ன ஒரு பக்கம் உண்டு. கருவியை இயக்கியது முதல் திரை எத்தனை முறை தொடப்பட்டது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். எங்கள் ஆட்கள் எல்லாரும் அதைக் கேலி செய்வார்கள். திரைக்குக் கீழே இருக்கும் நான்கு பொத்தான்களில் முதலாவதையும் நான்காவதையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பக்கம் வரும். அதை மூட முடியாது, அதே பொத்தான்களைத்தான் மறுபடி அழுத்த வேண்டும். அழுத்தினேன்.

பெரிய திரையில் ஓர் எண் வந்தது. ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விர்ரென்று ஏறியது. நான் அந்தக் கருவியைத் தொட்டது நான்கே முறை.

"இந்தத் திரையை யாரோ விநாடிக்கு ஐம்பது தடவை தொட்டுக்கிட்டே இருக்காங்க" என்று மைக்கில் சொன்னேன். "நான் இல்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. நிரல் எழுதுபவர்கள் அப்படித்தான். விழுந்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஏன் விழுந்தான் என்று ஒரு துப்புக் கிடைத்தால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள்.

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து தேவராஜ் கேட்டார். "சார், மூலைல மஞ்சளா இன்னாவோ கீது. கிட்ட இட்டாரட்டா?"

கல்யாணத்தில் தாலி முடிச்சையும் நெற்றிப் பொட்டையும் நெருக்கத்தில் பிடித்துப் பழகிய கண் அது. நான் பதில் சொல்வதற்குள் ஜூம் செய்துவிட்டார். பிளாஸ்டிக் சட்டத்துக்கும் திரைக்கும் நடுவிலுள்ள இடுக்கு, வலது மேல் மூலை, சபாவின் பெரிய திரையில் ஆறடி உயரத்துக்கு வந்து நின்றது. இடுக்குக்குள் காய்ந்த சந்தனம். அதில் ஒட்டிக்கொண்டு குங்குமம்.

அந்தக் காலத்துத் திரை அழுத்தத்தை உணரும் வகை. மேலே மெல்லிய படலம், அடியில் கண்ணாடி. எது அழுத்தினாலும் விரல் தொட்டதாகவே அதற்குத் தோன்றும். ஈரமாக இருந்தபோது இடுக்கில் இறங்கிய சந்தனம், ஈரக் கைக்குட்டையால் நான் துடைத்தபோது இன்னும் உள்ளே போய், காய்ந்து, படலத்தை அழுத்திக்கொண்டிருந்தது. முகப்பில் அந்த மூலையில் ஒன்றும் இல்லாததால் காலையில் தெரியவில்லை. ஆனால் தளிரில் எந்த நிரலைத் திறந்தாலும் அதை மூடுவதற்கான குறி சரியாக அந்த மூலையில்தான் இருக்கும்.

"பொட்டு யார் வெச்சா?" என்றார் தலைவி. மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்ததை அவர் மறந்துவிட்டார்.

"நான்தான் மேடம்."

சபா அதிர்ந்தது. அது கேலிச் சிரிப்பு இல்லை. அந்த நூற்று எண்பத்தாறு பேரில் பாதிப் பேராவது முந்தின நாள் தங்கள் மானிட்டருக்கு வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

ஹேமா மேடைப்படியில் ஏறி, தன் வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி நீட்டினாள். "சார், ஒரே நிமிஷம். நோண்டி எடுத்துடலாம்."

எடுத்திருக்கலாம். ஊக்கு வழுக்கிப் படலத்தைக் கிழித்தால் கருவி போயிற்று என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்தச் சில விநாடிகளில்தான் எனக்குப் பிடிபட்டது. வந்திருப்பவர்கள் கருவியை வாங்க வந்தவர்கள் அல்ல. அதற்கு நிரல் எழுதலாமா என்று பார்க்க வந்தவர்கள். நாட்காட்டி எவ்வளவு அழகாகத் திறக்கிறது என்று காட்டி அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது? அவர்கள் எழுதப்போவதும் யாரோ ஒருவர் வீட்டில் சந்தனத்தோடுதான் ஓடும்.

"வேண்டாம், அது இருக்கட்டும்" என்றேன். மைக்கில் சொன்னேன். "சார், மேடம், ஒரு நிமிஷத்துக்கு ஐம்பது இன்ட்டு அறுபது, மூவாயிரம் தடவை இந்தத் திரையைக் குத்திக்கிட்டு இருக்கு. இன்னும் தளிர் நிக்கலை. இப்ப இந்தக் கோளாறுக்கு நாம எல்லாரும் சேர்ந்து இங்கேயே ஒரு புரோகிராம் எழுதுவோம். திரையில வராம பின்னால ஓடற புரோகிராம். அதை மூடறதுக்கு மூலையில குறியே கிடையாது."

தலைவி என்னைப் பார்த்தார். இதை நாங்கள் ஒத்திகை பார்த்ததே இல்லை. அவர் பெரிய திரைக்குப் போன கேமராக் கம்பியைத் தானே பிடுங்கி, அந்த இடத்தில் சிமுலேட்டர் கணினியின் கம்பியைச் செருகினார். அவரை நான் இன்றும் தலைவி என்று எழுதுவது அதற்காகத்தான்.

அந்தக் கணினியில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். வலது மேல் மூலையில் தொட்டால் கண்டுகொள்ளாதே என்று அந்த இடத்தின் எண்களைப் போட்டு ஐந்து வரி எழுதினேன். ஆறாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார்.

"சார், இடத்தை அப்படியே எழுதி வைக்காதீங்க. எங்க வீட்ல இடது பக்கம் வைப்பாங்க."

மறுபடி சிரிப்பு. ஆனால் அவர் சொன்னது சரி. நான் ஒரே மூலையில் மூன்று பொட்டு வைத்தவன், உலகமே அந்த மூலையில் வைக்கும் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்ப எப்படிம்மா கண்டுபிடிக்கறது?"

"விரல் ஆடும் சார். சந்தனம் ஆடாது."

"எவ்வளவு நேரம் ஆடாம இருந்தா?"

மூன்று விநாடி என்றார் ஒருவர். "மூணு ரொம்ப ஜாஸ்தி, ரெண்டு போதும்" என்று பின் வரிசையிலிருந்து குரல் வந்தது. ஷட்டர் கடை என்றவரின் குரல்தான் அது. இரண்டு என்று போட்டேன். ஒரே இடத்தில் இரண்டு விநாடி அசையாமல் இருக்கும் தொடுதலை ஒதுக்கு. ஏழு வரி ஆயிற்று. ஒரு வரியில் அடைப்புக்குறி விட்டுப்போனதை முப்பது பேர் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

கம்பி வழியாகக் கருவிக்கு ஏற்றினேன். தலைவி மறுபடி கேமராவுக்கு மாற்றினார். பொத்தானால் நிரலை ஓடவிட்டேன். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். மூன்றும் எண்ணிவிட்டுத்தான் நாட்காட்டியைத் தொட்டேன்.

திறந்தது. திறந்தே இருந்தது.

முகவரிப் புத்தகம் திறந்தது. குறிப்பேடு திறந்தது. அதில் குச்சியால் 'விஜயதசமி' என்று எழுதினேன். அது நின்றது. தேவராஜ் கேமராவை விட்டுவிட்டு முதல் ஆளாகக் கைதட்டினார். பிறகு கேட்ட சத்தத்தை எனக்கு எண்ணத் தெரியவில்லை. அது அடங்குவதற்குள் அந்த இரண்டு பொத்தான்களையும் மறுபடி அழுத்தினேன். ஐம்பத்தேழாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. பத்தொன்பது நிமிடம், ஒரே இடத்தில், ஐம்பத்தேழாயிரம் குத்து. இயங்குதளம் ஒருமுறைகூட உறையவில்லை. எங்கள் நானூறு சோதனையில் எதுவும் அப்படி அதை அடித்ததில்லை.

பதிவேட்டுக்கு வரிசை, கதவு வரை போயிற்று. முப்பதாவது கையெழுத்தை அந்த ஆறாவது வரிசைப் பெண் போட்டார். நாற்பது பெட்டியும் தீர்ந்த பிறகும் வரிசை நகர்ந்தது. எழுபத்தொரு பேர். பெட்டி கிடைக்காத முப்பத்தொரு பேருக்கு நானே சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

முன் வரிசைக்காரர் மேடைக்கு ஏறி வந்தார். ஹேமா ஊக்கோடு அப்போதுதான் இரண்டாவது கருவியின் பக்கம் குனிந்திருந்தாள்.

"அதை எடுத்துடாதீங்கம்மா" என்றார் அவர் அவசரமாக. "சந்தனத்தோட அப்படியே கொடுங்க. எங்க ஆளுங்களுக்குக் காட்டணும். அந்த ஏழு வரியும் வேணும்."

அவர் போனதும் தேவராஜ் விளக்கை அணைத்தார். "சார், கல்யாணம் முட்ஞ்சிது. பொண்ண இட்டுனு பூட்டாரு" என்றார். தலைவி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பதினோரு பேரும் மயிலாப்பூர் குளத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தோம். இருபத்தாறு வடை சாப்பிட்டோம்.

தொடாத பொருள் மாறாது என்று நான் போட்ட கணக்கில் தவறு இல்லை. முப்பத்தேழு பொட்டை எண்ணியவன், பொட்டு வைத்த விரலை எண்ணவில்லை. உங்கள் சோதனைகள் முடிந்த பிறகு கருவியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது நீங்களாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை ஹேமா பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்தாள். விளக்கம் எழுதச் சொன்னேன். "தேவையில்லை சார், யாரும் மறக்க மாட்டாங்க" என்றாள். மறந்துவிட்டீர்கள். ஆகவே முதல் காரணத்துக்காக, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இந்தக் கட்டுரையைச் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது காரணத்துக்காக, இப்போதைய திரைகளுக்கு ஏற்றபடி அதை மாற்றி எழுதுங்கள். ஈரக்கை, மஞ்சள் விரல், எது வேண்டுமானாலும். மூன்றாவதுதான், அது ஒருமுறைகூடத் தோற்றதில்லை என்கிறீர்கள். அந்த விஜயதசமி காலையில் அதற்கு மேலே உள்ள நானூறும் அப்படித்தான் இருந்தன, ஒருமுறைகூடத் தோற்காமல். எங்களை அன்று வேலையில் வைத்தது, பட்டியலில் இல்லாமல் இருந்த அந்த ஒன்றுதான்.